ஆர்ஏ ஒன்றுதான், தகடு ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது? ஒர்க் ரோல் டெக்ஸ்ச்சரிங் பற்றி ஒரு பதில்

கேள்வி இதுதான்: ஷாட் பிளாஸ்ட் (இரும்புத் துகள்களை வீசிச் சொரசொரப்பாக்குவது) செய்த ஒர்க் ரோலில், அதாவது எஃகுத் தகட்டை நேரே தொட்டு அழுத்தும் உருளையில், ஓட்டிய தகடும், வெளியிலிருந்து வாங்கிய ஈடிடி (மின்பொறியால் சொரசொரப்பாக்கிய ரோலில் ஓட்டிய) தகடும் ஒரே ஆர்ஏ, அதாவது சராசரிச் சொரசொரப்பு, காட்டுகின்றன, இரண்டும் 1.2 மைக்ரான் வாக்கில். அப்படியிருந்தும் முதல் தகடு பிரஸ்ஸில் டையோடு உராய்ந்து கீறுகிறது. பெயிண்ட் அடித்தால் பளபளப்பில் மெல்லிய அலை தெரிகிறது. அடுத்து ஈடிடி இயந்திரம் வாங்குவதா, நேரே லேசருக்குப் போவதா?

முதலில் சுருக்கமாக: ஆர்ஏ ஒன்றை வைத்து இந்த முடிவை எடுக்க முடியாது. உங்கள் இரண்டு புகார்களில் ஒன்றுக்கு டெக்ஸ்ச்சரிங் முறை, அதாவது ரோலைச் சொரசொரப்பாக்கும் விதம், காரணமாக இருக்கலாம். மற்றதற்குக் காரணம் பெரும்பாலும் ரோலைச் சாணை பிடிக்கும் கிரைண்டிங்கிலோ, ரோலை எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்பதிலோ இருக்கும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதுதான் மீதிப் பதில்.

ரோலைச் சொரசொரப்பாக்குவது ஏன் என்பதிலிருந்து தொடங்கலாம். தகட்டைச் சூடாக்காமல் உருட்டி மெலிதாக்கும் கோல்டு ரோலிங்கில் கண்ணாடி போன்ற ரோலை வைத்தால் கண்ணாடி போன்ற தகடு வரும். ஸ்டெயின்லெஸ் எஃகின் பளபளப்பான பிஏ ஃபினிஷுக்கு அது சரி. ஆழமாக இழுத்து வடிவமைக்கும் தகட்டுக்கு அது தொல்லை. மழமழப்பான இரண்டு பரப்புகளுக்கு நடுவில் எண்ணெய் நிற்க இடமில்லை. பிரஸ்ஸில் தகட்டின் ஓரத்தைப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டரின் அழுத்தத்தில் எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடும், உலோகம் உலோகத்தைத் தொடும், ஒட்டிக்கொள்ளும். தகட்டில் சிறு குழிகள் இருந்தால் எண்ணெய் அங்கே தங்கும். அழுத்தம் ஏறும்போது சிறைப்பட்ட அந்த எண்ணெயே சுமையில் ஒரு பங்கைத் தாங்கும். இன்னொரு காரணம் பேட்ச் அனீலிங், அதாவது தகட்டுச் சுருள்களை (காயில்) உலையில் வைத்துச் சூடாக்கி மென்மையாக்குவது. இறுக்கமாகச் சுற்றிய காயில் 700 டிகிரி செல்சியஸ் வாக்கில் பல மணி நேரம் இருக்கும்போது, சுற்றும் சுற்றும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கோடு கோடாய் மடிப்புத் தழும்பு விடும். பல ஸ்டாண்டுகள் வரிசையாக நின்று தகட்டை மெலிதாக்கும் டேண்டம் மில்லின் கடைசி ஸ்டாண்டில் சொரசொரப்பான ரோல் போடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பெயிண்ட் பிடிப்பதற்காகவும் சொரசொரப்பு வேண்டும் என்பார்கள். பெயிண்டுக்கு முன் பாஸ்பேட் படலம் ஏற்றும் பாஸ்பேட்டிங் ஒழுங்காக நடக்கும் ஆலையில் அந்தக் காரணத்துக்கு நான் அவ்வளவு எடை கொடுப்பதில்லை. பெயிண்டின் தோற்றத்தைப் பற்றிய கவலை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆர்ஏ என்பது சராசரிக் கோட்டிலிருந்து பரப்பு எவ்வளவு விலகுகிறது என்பதன் சராசரி. அவ்வளவுதான். ஒரு சென்டிமீட்டரில் 40 மேடுகள் இருந்தாலும் 100 மேடுகள் இருந்தாலும் உயரம் ஒன்றாக இருந்தால் ஆர்ஏ ஒன்றாகவே வரும். சமதளத்தில் குழிகள் தோண்டிய பரப்பும், சமதளத்தில் முட்கள் நட்ட பரப்பும் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றது என்ற நிலையிலும் ஒரே ஆர்ஏ தரும். முதல் பரப்பு எண்ணெயைப் பிடித்து வைக்கும். இரண்டாவது பரப்பின் முட்கள் டையில் உராய்ந்து உடைந்து தூளாகும். அதனால்தான் ஆர்ஏவோடு பீக் கவுண்ட், அதாவது ஒரு சென்டிமீட்டரில் எத்தனை மேடுகள் என்ற எண்ணும் சேர்ந்து கேட்கப்படுகிறது. ஈஎன் 10049 தரநிலை இந்த இரண்டையும் அளக்கும் முறையைச் சொல்கிறது: கட்-ஆஃப் (இதைவிட நீண்ட அலைகளைக் கணக்கிலிருந்து விலக்கும் எல்லை) 2.5 மி.மீ., சராசரிக் கோட்டுக்கு மேலும் கீழும் 0.5 மைக்ரான் பட்டையைத் தாண்டினால்தான் அது மேடு. உங்கள் கருவி 0.8 மி.மீ. கட்-ஆஃபில் வைக்கப்பட்டிருந்தால் அதே தகட்டுக்கு ஆர்ஏ குறைவாகக் காட்டும். வாங்குபவரும் விற்பவரும் சண்டை போடும் பல நேரங்களில் தகட்டில் ஒன்றும் இருக்காது, இந்த ஓர் அமைப்பில்தான் வித்தியாசம் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஈஎன் 10130 சாதாரண ஃபினிஷ் தகட்டுக்கு 0.6-க்கு மேல் 1.9 மைக்ரான் வரை இடம் கொடுக்கிறது. அவ்வளவு அகலமான வரம்புக்குள் நிற்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது அளவு அலைவு. சொரசொரப்பைவிட நீண்ட அலைநீளம், 1 முதல் 5 மி.மீ. வரையிலான பகுதி. ஜெர்மானிய எஸ்இபி 1941 வழிகாட்டி இதற்காகவே டபிள்யூஎஸ்ஏ என்ற அளவை வைத்திருக்கிறது. பெயிண்ட் அடுக்கு சிறு மேடு பள்ளங்களை நிரப்பி மறைத்துவிடும். ஆனால் சில மில்லிமீட்டர் நீளமுள்ள அலையின் மேல் பெயிண்டும் அலையாகவே படுத்துக்கொள்ளும், கண் அதைப் பிடித்துவிடும். வாகன ஆலைகள் இடை அடுக்குப் பெயிண்டைக் கைவிட்டுப் பூச்சை மெலிதாக்கத் தொடங்கிய பிறகு இந்த எண் மேல் எல்லோருக்கும் திடீர் அக்கறை வந்தது. மறைக்க இருந்த அடுக்கு போனதால் தகட்டின் குறை நேரே வெளியே வந்துவிட்டது.

இனி முறைகள். ஷாட் பிளாஸ்டிங்கில், சுழலும் சக்கரம் கூர்முனை இரும்புத் துகள்களை வீச, ரோல் மெல்லச் சுழன்றபடி அடி வாங்கும். மலிவு, வேகம், பழுதுபார்ப்பது சுலபம், தீப்பிடிக்கும் திரவம் எதுவும் இல்லை. குறை என்னவென்றால், துகளின் அளவு, வேகம், எத்தனை முறை அடி என்று கையில் இருக்கும் பிடிகள் எல்லாம் ஆர்ஏவையும் பீக் கவுண்டையும் சேர்த்தே அசைக்கும். ஆர்ஏவை ஏற்றப் பெரிய துகள் போட்டால் பள்ளம் அகலமாகும், மேடுகளின் எண்ணிக்கை குறையும். சிறிய துகள் போட்டால் எண்ணிக்கை கூடும், ஆழம் வராது. ரோலின் கடினத்தன்மையும் நேரடியாகக் குறுக்கே வரும். இன்றைய ஃபோர்ஜ்டு ரோல்கள் 3 முதல் 5 சதவீதம் குரோமியத்தோடு ராக்வெல் 60-க்கு மேல் கடினமாக இருப்பவை. துகளால் அதைக் குழிப்பது எளிதல்ல. பழைய ரோல் பல முறை கிரைண்ட் ஆகி, கடின அடுக்கின் ஆழத்துக்கு வந்த பிறகு அதே அமைப்பில் அடித்தால் வேறு ஆர்ஏ வரும். ஒரே ரோலில் மென்மையான திட்டு இருந்தால் திட்டாகவே தகட்டில் அச்சாகும். துகளும் உருண்டு தேய்ந்துகொண்டே இருக்கும். சலித்துப் புதுத்துகள் சேர்ப்பதை ஷிப்டுக்கு ஷிப்டு ஒரே ஒழுங்கோடு செய்யாத இடத்தில், திங்கள்கிழமை ரோலும் வெள்ளிக்கிழமை ரோலும் ஒன்றாக இருக்காது.

ஆக, உங்கள் பிரஸ் புகாருக்கு ஒரு நியாயமான விளக்கம் கிடைக்கிறது: ஆர்ஏ சரி, பீக் கவுண்ட் குறைவு. குழிகள் அகலமாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கின்றன. அளந்து பார்த்தால் ஈடிடி தகட்டைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன்.

ஈடிடி என்பது மின்பொறியால் குழி தோண்டுவது. ரோல் ஒரு மின்முனை. எதிரே வரிசையாக நிற்கும் செம்பு அல்லது கிராஃபைட் துண்டுகள் மறுமுனை. நடுவில் மின்கடத்தா எண்ணெய். இடைவெளியைச் சர்வோ மோட்டார் மிகச் சிறியதாகக் காத்து நிற்கும். மின்னழுத்தம் ஏறி எண்ணெய்த் தடை உடையும் இடத்தில் பொறி பாயும், அந்தப் புள்ளியில் எஃகு உருகும், பொறி அணையும்போது உருகியதில் ஒரு பகுதி தெறித்துப் போகும், மீதி குழியின் ஓரத்தில் உறையும். பொறி எங்கே பாயும் என்று யாரும் தீர்மானிப்பதில்லை. இடைவெளி எங்கே குறைவோ அங்கே பாயும், அடுத்த கணம் வேறிடம். அதனால் பரப்பு முழுக்கத் திசையற்ற, ஒழுங்கில்லாத ஆனால் சீரான சொரசொரப்பு கிடைக்கும். கடினத்தன்மை பெரிய விஷயமே இல்லை, ஏனென்றால் இங்கே நடப்பது உருகுதல். மின்னோட்டத்தையும் பொறி நீடிக்கும் நேரத்தையும் தனித்தனியாக மாற்றலாம் என்பதால் ஆர்ஏவையும் பீக் கவுண்டையும் ஓரளவு பிரித்துப் பிடிக்க முடியும். பொறி நீண்டால் குழி அகலும், ஆழமாகும், ஆர்ஏ ஏறும், எண்ணிக்கை இறங்கும். பொறியைச் சுருக்கினால் நேர்மாறு. “ஓரளவு” என்பதைக் கவனியுங்கள். மிகக் குறைந்த ஆர்ஏவில் மிக அதிக பீக் கவுண்ட், மிக அதிக ஆர்ஏவிலும் அதே பீக் கவுண்ட் என்று விளம்பரத்தாளில் போடுவது போல் எல்லாம் கிடைக்காது.

ஈடிடியில் கவனிக்க வேண்டியவை இயந்திரம் விற்பவர் சொல்லும் பட்டியலில் இருப்பதில்லை. மின்முனைத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனி மின்சுற்று இருக்க வேண்டும். பல துண்டுகளை ஒரே சுற்றில் கட்டினால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பொறி பாயும், நேரம் வீணாகும். துண்டுகள் அச்சுத் திசையில் முன்னும் பின்னும் அசைய வேண்டும். அந்த அசைவும் ரோலின் சுழற்சியும் ஒன்றுக்கொன்று எளிய விகிதத்தில் பூட்டிக்கொண்டால் ரோலில் சுருள் பட்டை விழும். வெறும் கண்ணுக்கு ரோலில் தெரியாது, தகட்டை எண்ணெய்க்கல் வைத்துத் தேய்த்தால் தெரியும். உருகிய துகள்களை எண்ணெய் அடித்துச் செல்லாவிட்டால் ஒரே இடத்தில் பொறி நிலைத்துக் கருகிய குழி விழும். அந்த ஒரு குழி, ரோலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தகட்டில் பதியும். ரோலில் காந்தம் மிச்சம் இருந்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு இதே தொல்லை. அப்புறம் எண்ணெய். அது ஹைட்ரோகார்பன், மேலே பொறி பறக்கிறது. எண்ணெய் மட்டம், வெப்பநிலை, தானியங்கித் தீயணைப்பு இவற்றில் சிக்கனம் பார்ப்பவர்களை நான் ஒருபோதும் புரிந்துகொண்டதில்லை.

குழியின் ஓரத்தில் உறைந்த உலோகம் மிகக் கடினமாகவும் நொறுங்கக்கூடியதாகவும் இருக்கும். அதற்கு அடியிலேயே சூட்டில் மென்மையான ஓர் அடுக்கு. ரோல் மில்லுக்குள் போன உடனே அந்த ஓரங்களில் தளர்ந்தவை உடைந்து தகட்டில் தூளாய் அமரும். ஈடிடி முடிந்ததும் மிக லேசாக ஒரு பாலிஷ் கொடுத்து இந்த முட்களை எடுத்துவிட்டால் ரோல் சுத்தமாக ஓடத் தொடங்கும், ஆர்ஏவும் நிலையாக இருக்கும். இதைத் தவிர்க்கும் ஆலைகள் ஏராளம். முதல் சில காயில்களின் தூசுப் புகாரைப் பிறகு வேறு எதன் மேலாவது போடுவார்கள்.

லேசர் பற்றி. பெல்ஜியத்தின் சிஆர்எம் என்ற உலோகவியல் ஆய்வு மையம் 1980-களில் கார்பன் டை ஆக்சைடு லேசரைத் துளையிட்ட சுழல்தட்டால் துண்டு துண்டாக்கி, ரோலில் ஒரே சீரான குழிகளை வரிசையாகப் போட்டது. அதே நாட்டில் சிட்மார் ஆலை அதை ஒட்டிய ஆண்டுகளில் எலக்ட்ரான் கதிர் முறையை வளர்த்தது. ரோலை வெற்றிட அறையில் வைத்து, கதிரை மின்காந்தத்தால் திருப்பி, குழியின் இடம், ஆழம், இடைவெளி எல்லாவற்றையும் தீர்மானிப்பது. இரண்டின் கவர்ச்சியும் ஒன்றுதான்: பரப்பை வரைந்து கொடுக்கலாம். குழியைச் சுற்றி வளையமாய் எழும் விளிம்பு தகட்டில் மூடிய பள்ளமாய்ப் பதியும். எண்ணெய் அங்கிருந்து பக்கவாட்டில் ஓட வழியில்லை. இரண்டின் தொல்லையும் ஒன்றிலிருந்தே வருகிறது. ஒழுங்கான கட்டம் கண்ணுக்குக் கட்டமாகவே தெரியக்கூடும். மேல் ரோலும் கீழ் ரோலும், அல்லது டேண்டம் மில்லின் அச்சும் ஸ்கின் பாஸின் (அனீலிங்குக்குப் பின் தகட்டை லேசாக அழுத்தும் ஓட்டம்) அச்சும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பட்டுத்துணி மடிப்பு போன்ற நிழல் கோலம் எழும். வெற்றிட அறைக்கான முதலீடும் பராமரிப்பும் தனி. இரு முறைகளும் நல்ல தகடு தந்தன. ஆனாலும் வாகனத் தகடு உலகம் பெரும்பாலும் ஈடிடியில் நின்றுவிட்டது. இன்றைய குறுந்துடிப்பு ஃபைபர் லேசர்கள் பழைய குறைகளில் பலவற்றைத் தீர்க்கின்றன, குழிகளை வேண்டுமென்றே ஒழுங்கற்றுத் தெளிக்கவும் முடியும். ஆனால் ஷாட் பிளாஸ்டிலிருந்து முதல் அடி எடுத்து வைக்கும் ஆலைக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

ஒரு நான்காவது வழியும் உண்டு. ஜெர்மனியின் சால்ஸ்கிட்டர் ஆலை பிரீடெக்ஸ் என்ற பெயரில் விற்கும் தகட்டுக்கு, ரோலில் எதையும் தோண்டுவதில்லை. குரோம் குளியலில் மின்னோட்டத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, அரைக்கோள வடிவக் குரோம் முத்துகளை ரோல் மேல் வளர்க்கிறார்கள். தகட்டில் பதிவது மூடிய கிண்ணங்கள், இடையில் சமமான மேடை.

குரோம் பற்றிப் பேசும்போதே சாதாரண ஹார்டு குரோமையும் சொல்லிவிடுகிறேன். டெக்ஸ்ச்சர் செய்த ரோலின் மேல் 10 மைக்ரானுக்கு உட்பட்ட குரோம் அடுக்கு ஏற்றினால் முனைகள் தேய்வது வெகுவாகக் குறையும், இரும்புத் தூளும் குறையும், ரோலின் ஓட்டம் பல மடங்கு நீளும். இதற்கான குளியல் ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் என்ற வேதிப்பொருள் சட்டப்படி 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு குரோமியம் டிரை ஆக்சைடைத் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. மாற்றுப் பூச்சுகளுக்கான தேடலும், குரோம் இல்லாமலே தாங்கும் ரோல் எஃகுகளும் அதனால்தான் வேகம் பிடித்தன. புதிதாகக் குரோம் தொட்டி கட்டத் திட்டமிடுபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு நேரம் ரோலைப் பற்றியே பேசினோம். விற்பது தகடு. ரோலின் முத்திரை தகட்டில் முழுதாக விழாது. ஸ்கின் பாஸில் நீட்சி ஒரு சதவீதம் வாக்கில்தான். ரோலின் மேடு தகட்டில் குழியாக இறங்கும், ரோலின் பள்ளத்துக்குள் தகடு முழுதாக ஏறாது. அதனால்தான் 1.2 மைக்ரான் தகட்டுக்கு அதைவிடக் கணிசமாக உயர்ந்த ஆர்ஏ கொண்ட ரோல் வேண்டியிருக்கிறது. எவ்வளவு பதியும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது தகட்டின் அகலத்துக்கு இவ்வளவு என்ற ரோலிங் விசை. இங்கே ஒரு முரண் உண்டு. மென்மையான ஐஎஃப் எஃகில் (கரைந்த கார்பனும் நைட்ரஜனும் இல்லாத எஃகு) நன்றாகப் பதியும் என்று தோன்றும். ஆனால் அது சிறு விசையிலேயே வேண்டிய நீட்சியை எட்டிவிடும். நீட்சியைக் கூட்டினால் ஆழமாக இழுத்து வடிவமைக்கும் திறன் கெடும், ஆகவே விசையை ஏற்ற வழியில்லை. பதிவு பாதியில் நிற்கும். ரோல் ஷாப் கூடுதல் ஆர்ஏ கொடுத்து ஈடுகட்டும். கூடுதல் ஆர்ஏ கூடவே கூடுதல் அலைவையும் கொண்டுவரும். துத்தநாகம் பூசிய தகட்டில் நிலைமை வேறு. துத்தநாகம் மென்மை, சுலபமாக அச்சு வாங்கும். ஆனால் அதன் துகள் ரோலின் பள்ளங்களை அடைக்கும், ரோலைக் கழுவிக்கொண்டே ஓட்ட வேண்டும். அலுமினிய வாகனத் தகட்டிலும் ஈடிடிதான் வழக்கம், அங்கேயும் ஒட்டுதலும் தூளுமே முதல் எதிரி.

தேய்வு நேர்கோட்டில் நடக்காது. புது ரோல் முதல் சில காயில்களில் மளமளவென்று ஆர்ஏவை இழக்கும். பிறகு நிதானமாகும். கடைசியில் ஆர்ஏ இன்னும் வரம்புக்குள் இருக்க, பீக் கவுண்ட் சரிந்திருக்கும், ஏனென்றால் சிறு மேடுகள்தான் முதலில் அழியும். தகடு மட்டுமே ரோலைத் தேய்ப்பதில்லை. ஒர்க் ரோலைப் பின்னிருந்து தாங்கும் பேக்கப் ரோல் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்திக்கொண்டிருக்கிறது. ரோல் மாற்றும் நேரத்தை டன் கணக்கில் வைத்திருந்தால் கிலோமீட்டருக்கு மாற்றுங்கள். மெல்லிய தகட்டில் அதே டன்னுக்கு ரோல் ஓடும் தூரம் பல மடங்கு. “நேற்று சரியாக இருந்தது” என்ற புகார்களில் ஒரு பகுதி இதோடு தீரும். வாகனத்தின் வெளிப்பக்கப் பேனல் தகட்டை ரோல் போட்டவுடன் ஓட்டாமல், கொஞ்சம் சாதாரணத் தகடு ஓட்டி ரோல் அமைந்த பிறகு ஓட்டுங்கள். அகலமான தகட்டிலிருந்து குறுகிய தகட்டுக்குப் போகும் வரிசையையும் மாற்றாதீர்கள், இல்லையென்றால் குறுகிய தகட்டின் ஓரம் தேய்த்த கோடு அகலத் தகட்டின் நடுவில் வந்து விழும்.

இப்போது உங்கள் இரண்டாவது புகார், பெயிண்டுக்கு அடியில் தெரியும் அலை. டெக்ஸ்ச்சரிங் என்பது கிரைண்டிங்கின் மேல் போடும் அடுக்கு. அது அடியில் இருப்பதை அழிப்பதில்லை. கிரைண்டிங் சக்கரம் அதிர்ந்து விட்ட சாட்டர் கோடுகள், சக்கரத்தின் ஓரம் விட்ட சுருள் தடம், இவை மில்லிமீட்டர் அளவு அலைகள். ஷாட் துகளும் சரி, பொறியும் சரி, அலையின் மேட்டையும் பள்ளத்தையும் ஒரே மாதிரி குழித்துவிட்டுப் போகும், அலை அப்படியே நிற்கும். சொரசொரப்பு ஏறியதால் அது கண்ணிலிருந்து மறையும், அதுதான் ஆபத்து: பிளாஸ்ட் செய்த ரோலைப் பார்த்து யாரும் கிரைண்டிங்கைக் குறை சொல்ல முடியாது. டெக்ஸ்ச்சருக்கு முன்பே ரோலின் ஆர்ஏவும் அலைவும் அளந்து ஏற்றுக்கொள்ளும் வழக்கம் வேண்டும். எடி கரண்ட் (சுழல் மின்னோட்டச்) சோதனையில் விரிசலும் சூட்டுத் தழும்பும் இல்லை என்று உறுதியான பிறகே ரோல் அடுத்த இயந்திரத்துக்குப் போக வேண்டும். அளக்கும்போது ரோலின் இரு முனைகளிலும் நடுவிலும், சுற்றளவில் பல இடங்களிலும் எடுங்கள். சராசரியைப் பார்ப்பதைவிட எடுத்தவற்றில் மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

இன்னொரு இடமும் உண்டு. ஸ்கின் பாஸுக்கு வரும் முன்பே தகட்டில் டேண்டம் மில் விட்ட அலை இருக்கலாம். ஒரு சதவீத நீட்சி அதை முழுதாக அழிக்காது. அனீலிங் முடிந்து ஸ்கின் பாஸுக்கு முன் ஒரு துண்டு வெட்டி அளந்தால் குற்றவாளி யாரென்று ஒரே நாளில் தெரியும்.

ஆகவே, உங்கள் இடத்தில் இருந்தால் நான் இந்த வரிசையில் போவேன். இரு தகடுகளையும் ஒரே கருவியில், ஒரே கட்-ஆஃபில், ஆர்ஏ, பீக் கவுண்ட், அலைவு மூன்றும் அளப்பேன். கட்-ஆஃப் பொருந்தாமல் இருந்தால் கதை அங்கேயே மாறலாம். அலைவு அதிகமென்றால் இயந்திரம் வாங்கும் பேச்சை நிறுத்திவிட்டுக் கிரைண்டரின் சக்கரச் சமநிலை, பேரிங், டிரெஸ்ஸிங் (சக்கரத்தின் முகத்தைச் சீராக்குவது) இவற்றைப் பார்ப்பேன். புது ஈடிடி வாங்கினாலும் அந்த அலை அப்படியே தகட்டுக்கு வரும். பீக் கவுண்ட் குறைவென்றால், முதலில் ஷாட்டின் அளவுக் கலவையையும் ரோல் ஓடும் கிலோமீட்டரையும் ஒழுங்குபடுத்தி எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பேன். சாதாரண இழுவைத் தகட்டுக்கு அதுவே போதலாம். வெளிப்பக்கப் பேனல் ஆர்டர் உறுதியாகக் கையில் இருக்கிறது, பீக் கவுண்ட் கண்டிப்பான வரம்போடு கேட்கிறார்கள் என்றால் ஈடிடிதான், தயங்க வேண்டாம். வால்ட்ரிச் ஸீகன், சார்க்ளாட் போன்ற நிறுவனங்கள் இதை நீண்ட காலமாகச் செய்கின்றன. அவர்களிடம் பேசும்போது “எத்தனை மைக்ரான் ஆர்ஏ வரை முடியும்” என்று கேட்காதீர்கள். உங்கள் சொந்த ரோல் ஒன்றை அனுப்பி, உங்களுக்கு வேண்டிய ஆர்ஏவில் பீக் கவுண்ட் எவ்வளவு, ரோல் முழுக்க எவ்வளவு சிதறல், எத்தனை நிமிடம் பிடித்தது என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்த ரோலை உங்கள் மில்லில் ஓட்டி, முதல் காயிலிலும் கடைசிக் காயிலிலும் தகட்டை அளந்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுங்கள்.